மாஸ்டரின் பதினேழு சதவீதம்

கல்லீரல் கொழுப்பு பதினெட்டாக இருந்தது பதினேழாகியிருந்தது. பதினாறு நாள் வாயைக் கட்டியதற்கு ஒரே ஒரு சதவீதம்.

டயட்டீஷியன் ஸ்கேன் அறிக்கையை ஒரு பக்கமும் மாஸ்டரின் நோட்டை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. காலை, முட்டை வெள்ளைக்கரு ஆறு, முழு முட்டை ஒன்று. பதினொரு மணிக்கு, நீர் வடித்த தயிர் இருநூறு கிராம். மதியம், தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி நூற்றைம்பது கிராம், வெள்ளரிக்காய். இரவு, மீன், கீரை. புரதம் எந்த நாளும் நூற்றுப்பத்து கிராமுக்குக் குறையவில்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழச்சாறு, எல்லாவற்றுக்கும் எதிரே கோடு.

"நீங்க எழுதினதை நான் நம்புறேன். ஆனா இது நிஜம்னா அது பொய்யா இருக்கணும். ஸ்கேன் மெஷினுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்ல."

"எனக்கும்தான் இல்ல மேடம்," என்றார் மாஸ்டர்.

அவர் மிட்டாய் மாஸ்டர். இருபத்தாறு வருடமாகப் பாகு காய்ச்சுகிறவர். அவருடைய அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. உயிரோடு இருக்கும் ஒருவரின் கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்து அக்காவுக்குப் பொருத்த வேண்டும். கல்லீரல் ஒரு விசித்திரமான உறுப்பு. பாதி போனாலும் மீதி வளர்ந்துகொள்ளும், வெட்டிய பாதியும் புது இடத்தில் வளரும். ஆனால் அதற்குள் கொழுப்பு படிந்திருந்தால் இரண்டும் சரியாக வளராது. வாங்கியவருக்கும் ஆபத்து, கொடுத்தவருக்கும் ஆபத்து. பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் கத்தியை எடுப்போம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவின் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது தம்பிக்கு மட்டும். அறுவைக்கு இன்னும் இருபது நாள். அதைத் தள்ளிப்போட்டால் அக்காவின் உடம்பு அதுவரை தாங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

"மறுபடி ஒரு தடவை சொல்றேன்," என்றார் டயட்டீஷியன். "உடம்பு ஒரு கடை மாதிரி. வெளியிலேர்ந்து சரக்கு வந்துக்கிட்டே இருந்தா, உள்ளே இருக்கிற கிடங்கை யாரும் திறக்க மாட்டாங்க. சர்க்கரை, மாவு ரெண்டையும் நிறுத்தினா வேற வழியில்லாம கிடங்கைத் திறந்து கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். கூடவே தசையையும் பிச்சுத் தின்னப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இந்த முட்டையும் கோழியும். உங்க விஷயத்துல கிடங்கு திறக்கவே இல்ல. எங்கேயோ சரக்கு வருது."

"எங்கேருந்து?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும்."

வெளியே வராந்தாவில் மாமா காத்திருந்தார். அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், அதிகம் பேசாதவர். எண்ணைக் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றதும் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்ள, பயமா இருந்தா நேரா சொல்லிடு. வயித்தைக் கிழிச்சுக்கிறது சின்ன விஷயமில்ல. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா இப்படி இழுத்தடிக்காதே."

"நான் எதை இழுத்தடிக்கிறேன்?"

"ஊரெல்லாம் பண்டிகை நெருங்குது. நீ வேலை செய்யறது மிட்டாய்க் கம்பெனியில. சுத்தி இனிப்பு. நடுவுல நீ மட்டும் கோழியைத் தின்னுக்கிட்டு இருக்கேன்னா நம்ப வேண்டியதுதான். ஆனா எண் இறங்கலையே."

 பதினாறு நாளில் மாஸ்டர் எத்தனை வீட்டு வாசலில் நின்று எத்தனை தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார். சின்ன மாமியார் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லி ஊரில் திமிர் பிடித்தவர் என்ற பேர் வாங்கியாயிற்று. பேருந்து வந்தது. இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் மிட்டாய்க் கூடத்தில் ஆறு அடுப்பும் எரிந்தன. பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அங்கே யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள். கேரமல், பாதாம் டாஃபி, சாக்லேட் பூசிய கட்டிகள், கிரீம் வைத்த உருண்டைகள். மாஸ்டர் அடுப்புக்கு அடுப்பு போனார். கையில் குட்டி ஸ்பூன். பாகில் ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, வாயில் போட்டுக் கடித்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம்." அடுத்த அடுப்பு. "இறக்கு." அடுத்தது. "உப்பு பத்தல."

பதினொரு மணிக்குச் சரக்கறையில் உட்கார்ந்து தயிரைச் சாப்பிட்டார். இரண்டாம் மாஸ்டர் உடைந்த டாஃபித் துண்டை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு. நம்ம கையால செஞ்சதுதானே."

"வேண்டாம்ப்பா. டயட்டு."

"கோழிப்பண்ணையே உங்களை நம்பித்தான் ஓடுது," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. எங்கேயோ சரக்கு வருகிறது. எங்கேருந்து? கோழியில் மனைவி எண்ணெய் ஊற்றுகிறாளா? இல்லை, அவர் கண்ணெதிரே வேகவைக்கிறாள். தயிரில் சர்க்கரை கலந்து விற்கிறார்களா? டப்பாவைத் திருப்பிப் படித்தார். இல்லை.

வேலை முடியப்போகும் நேரத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் சத்தம் கேட்டது. அங்கே வேலை செய்யும் பெண்மணிக்கு நீராவி என்று பட்டப்பெயர். எப்போதும் வெந்நீர்ப் புகைக்குள் நின்றுகொண்டு அங்கிருந்தே எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள்.

"மாஸ்டர், உங்க ஒருத்தர் ஸ்பூனுக்கே எனக்குத் தனியா ஆள் போடச் சொல்லுங்க. காலையில கழுவி வெச்ச ரேக்கு மறுபடி காலி."

ஒரு தடவை வாயில் வைத்த ஸ்பூன் மறுபடி பாகைத் தொடக் கூடாது. அது கூடத்தின் சட்டம். அதனால்தான் சுத்தமான ஸ்பூன்களை வைக்க ஒரு ரேக், வாயில் வைத்ததைப் போட ஒரு வாளி.

"ரேக்குல எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார் மாஸ்டர். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எழுபத்திரண்டு. இன்னிக்கு ஒண்ணுகூட மிச்சமில்ல."

"எல்லாம் என்னுதா?"

"பின்னே? இங்கே நாக்கு உங்களுக்கு மட்டும்தானே வெச்சிருக்கு."

அவள் அப்போதுதான் கழுவிய ஸ்பூன் ஒன்றை மாஸ்டர் எடுத்தார். கேரமல் அடுப்புக்குப் போய், வழக்கமாக எடுக்கிற மாதிரியே எடுத்தார். வாய்க்குப் போகவிருந்த கையைப் பாதியில் நிறுத்தி, எசென்ஸ் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தார். ஸ்பூன் எடை கழித்து மூன்று கிராம். மூன்றை எழுபத்திரண்டால் பெருக்கினார். இருநூற்றுப் பதினாறு கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை.

ஸ்பூனை அப்படியே வாளியில் போட்டார். இருபத்தாறு வருடத்தில் ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தத் தொழிலில் யாருமே நினைப்பதில்லை. தையல்காரர் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல அது வேலை. நோட்டில் எழுத வேண்டுமென்று தோன்றவே இல்லை. தினமும் ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் சர்க்கரையை விழுங்கிவிட்டு, டாஃபித் துண்டு நீட்டியவரிடம் டயட்டு என்று சொல்லியிருக்கிறார்.

அதிலும் சர்க்கரையில் பாதி, கல்லீரல் மட்டுமே பெருமளவு வாங்கிக்கொள்கிற வகை. அதிகமாக வந்தால் அங்கேயே கொழுப்பாக்கி அடுக்கிவிடும். டயட்டீஷியன் முதல் நாளே இதைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். மாஸ்டரும் நன்றாகத் தலையாட்டியிருந்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அக்காவின் கால் வீங்கியிருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. மாமா நாற்காலியை மாஸ்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதே மாப்ள. வேலையை விட்டுடு."

"வேலையை விட்டா?" என்றாள் அக்கா. "அறுத்துப் போட்டதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் படுத்திருப்பான். அதுக்கு முதலாளி சம்பளத்தோட லீவு தரேன்னிருக்கார், சீசனை முடிச்சுக் கொடுத்தா. உங்க பென்ஷன்ல ரெண்டு குடும்பம் சாப்பிடுமா?" பிறகு தம்பியைப் பார்த்தாள். "டேய், எழுபத்திரண்டு தடவை தின்னியே, ஒரு தடவையாவது எனக்குக் கொண்டுவந்தியா?"

அவள் சிரித்ததும் மூச்சு வாங்கியது. மாமா எழுந்து தலையணையை நிமிர்த்தி வைத்தார்.

அடுத்த நாள் மாஸ்டர் ஸ்பூனையே தொடவில்லை. ருசி பார்க்கும் வேலையை இரண்டாம் மாஸ்டரிடம் கொடுத்தார். மதியத்துக்குள் நாற்பது கிலோ பாதாம் டாஃபி வீணானது. ஒரு மூட்டைப் பாதாமில் எண்ணெய் சிக்கு வாடை ஏறியிருந்தது. இரண்டாம் மாஸ்டரின் நாக்குக்கு அது தெரியவில்லை. முதலாளி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கைக்குட்டையில் துப்பினார்.

"மாஸ்டர், இந்த மூட்டை அடுப்புக்கே போயிருக்காது, நீங்க ஒரு பருப்பை வாயில போட்டிருந்தா. உங்க அக்கா விஷயம் எனக்குத் தெரியும். லீவு தரேன்னு சொன்னேன், தருவேன். ஆனா சீசன் நடுவுல உங்க நாக்குக்கு லீவு தரேன்னு சொல்லல."

பதினெட்டு நாள் இருந்தது. அன்றைக்கு வாயில் ஒரு துளிப் பாகு படாததால் மாலையில் தலை வலித்தது. மாஸ்டருக்கு அது ஒரு விதத்தில் திருப்தியாக இருந்தது. கிடங்கின் கதவு முதல் தடவையாகத் தட்டப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார். ஆனால் நாளைக்கு என்ன செய்வது?

வீட்டில் நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, எழுபத்திரண்டு ஸ்பூனையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதினார். ஒவ்வொன்றும் எதற்கு? நாற்பத்தொன்று பாகுப் பதம் பார்ப்பதற்கு. பதம் என்பது பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதுதான். தண்ணீர் குறையக் குறையக் கொதிக்கும் சூடு ஏறும். நூற்றுப் பதினெட்டு டிகிரியில் கேரமல் மெல்லும் பதம், நூற்றைம்பதில் டாஃபி உடையும் பதம். ஆக, இதற்கு நாக்கே தேவையில்லை. பதினேழு ஸ்பூன் வெறும் பழக்கம், அடுப்பைத் தாண்டும்போது கை தானாகப் போனது. மீதி பதினான்குக்குத்தான் நாக்கு வேண்டும். பாதாம் சிக்கு, கிரீம் புளிப்பு, உப்பு, அடிப்பிடித்த கசப்பு.

காலையில் சரக்கறையில் தூசி படிந்து கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார். நூறு காட்ட வேண்டியது தொண்ணூற்றெட்டு காட்டியது. மேலே சிவப்பு மையால் 'இரண்டு கூட்டு' என்று எழுதி ஒட்டினார். முதல் கேரமலை அது நூற்றுப் பதினாறு காட்டும்போது இறக்கினார். ஆறியதும் இரண்டாம் மாஸ்டர் மென்று பார்த்தார். முதலாளியும் மென்று பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மிட்டாய்க் கூடத்தில் அதுதான் பாராட்டு.

பதினான்குக்கு என்ன வழி என்று சொன்னபோதுதான் முதலாளியின் முகம் சுருங்கியது.

"துப்பறதா? மிட்டாய் மாஸ்டரே மிட்டாயைத் துப்பறதை வெளியாள் பார்த்தா என்ன நினைப்பான்?"

"ருசி நாக்குலதான் இருக்கு முதலாளி, வயித்துல இல்ல. நேத்து நீங்களும் துப்பித்தான் கண்டுபிடிச்சீங்க."

முதலாளி பின்பக்கம் கை காட்டினார். "கூடத்துக்குள்ள வேண்டாம். பின்கதவுக்கு அந்தப் பக்கம். கதவைச் சாத்திக்கிட்டு."

பின்கதவுக்கு வெளியே தொட்டி இருந்தது. முதல் தடவை மாஸ்டருக்குக் கண்ணில் நீர் வந்தது. தன் கையால் காய்ச்சியதைத் துப்புவது அவ்வளவு கஷ்டமாக இருக்குமென்று அவர் நினைக்கவில்லை. தொண்டை தானாக விழுங்கப் பார்த்தது. நீராவி கதவில் சாய்ந்து காவல் நின்றாள்.

"துப்பியாச்சா மாஸ்டர்?"

"ஆச்சு."

"கொப்பளிச்சாச்சா?"

"ஆச்சும்மா."

"ரெண்டு தடவை?"

இரண்டாம் தடவையும் கொப்பளித்தார். அன்று முதல் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். வாயில் வைத்தது பதினான்கு, விழுங்கியது பூஜ்யம். டயட்டீஷியனுக்கு போன் செய்தபோது, தயிரைப் பதினொரு மணிக்குப் பதில் வேலைக்குள் நுழையும் முன்பே சாப்பிடச் சொன்னார். பசியோடு போனால் தொண்டை சொன்ன பேச்சைக் கேட்காதாம். பன்னிரண்டாம் நாள் ஒரு கிரீம் உருண்டை வழுக்கி உள்ளே போய்விட்டது. அதையும் எழுதினார்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி ஸ்கேன். வராந்தாவில் மாமாவும் மாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தன் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்து கூப்பிட்டபோது அவரும் கூடவே எழுந்து வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

டயட்டீஷியன் தாளை அவர்கள் பக்கம் திருப்பினார். ஒன்பது புள்ளி இரண்டு.

மாமா அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் இருந்தார்.

"தேதி மாறலை. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அட்மிட் ஆயிடுங்க," என்றார் டயட்டீஷியன். நோட்டைப் புரட்டினார். "கோழி, முட்டை, தயிர் எல்லாம் பழைய அளவுதான் இருக்கு. போன்ல பாதிதான் சொன்னீங்க. எதெல்லாம் மாத்தினீங்க? சரியாச் சொல்லுங்க, நான் குறிச்சுக்கணும்."

"பாகுப் பதத்தைத் தெர்மாமீட்டர்ல பார்க்கிறேன். அது ரெண்டு டிகிரி குறைச்சுக் காட்டுது, கூட்டிக்கிறேன். சும்மா கை போறதை நிறுத்திட்டேன். நாக்கு இல்லாம முடியாதுங்கிற பதினாலை மட்டும் தயிர் சாப்பிட்ட வயித்தோட, பின்கதவுக்கு வெளியே போய் வாயில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பி, ரெண்டு தடவை கொப்பளிக்கிறேன்."