புளி போட்டுத் தேய்த்த தோட்டாக்கள்

மான் கறி தின்னாதவனுக்கு மான் சுடும் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். நான் தேயிலைக் கம்பெனியில் சாம்பிள் நிறுக்கிறவன். கை நடுங்காமல் நிறுக்கத் தெரியும். ஹார்ட்லி துரைக்கு அது போதுமாயிருந்தது. பூஜை விடுமுறைக்கு முன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைத்து, "சீதாராமன், இந்த வருஷம் என் வேட்டைத் தோட்டாக்களை நீதான் கட்டித் தரவேண்டும்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த உத்தியோகத்தில் நீடிக்க முடியுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பவானிபூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

துரையிடம் ஒரு ரைபிள், ஒரு ரிவால்வர். இரண்டுக்கும் தோட்டா ஒன்றே. காட்டில் ஒரே பையிலிருந்து எடுத்து இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம் என்பது சௌகரியம். வம்பும் அதுதான். ரிவால்வருக்குத் தக்கபடி வெடிமருந்தைக் குறைத்துப் போட்டால் மான் விழாது. குண்டைச் சுமந்துகொண்டு ஓடி, எங்கேயோ சேற்றில் கிடந்து மெள்ள மெள்ள உயிரை விடும். மான் விழும்படி கூட்டிப் போட்டால் ரைபிள் தாங்கும், ரிவால்வர் தாங்காது. வெடித்துச் சிதறினால் பிடித்த கை போய்விடும். கண் தப்பினால் அதிர்ஷ்டம்.

குண்டு விஷயத்திலும் லேசில் முடிவுக்கு வர முடியவில்லை. துரையின் அலிப்பூர் பங்களாத் தோட்டத்தில் ஈர மணல் மூட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். வெள்ளீயம் கலந்து கடினமாக வார்த்த குண்டு மூட்டைக்குள் ஊசி மாதிரி நுழைந்து, போன வடிவிலேயே மறுபக்கம் வெளியே வந்தது. அப்படிப்பட்ட குண்டு மானையும் துளைத்துக்கொண்டு போகுமே தவிர நிறுத்தாது. கலப்பில்லாத காரீயத்தில், மூக்கைத் தட்டையாக்கி வார்த்த குண்டு உள்ளேயே காளான் மாதிரி விரிந்து கிடந்தது. இதுதான் சரி என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அதையே நாற்பது வார்த்து, ரைபிளுக்கு இருபது தோட்டா கனமான மருந்தோடும், ரிவால்வருக்கு இருபது மெல்லிய மருந்தோடும் கட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் நாற்பதும் ஒரே அச்சு. ஆகவே கனத்த இருபதின் பித்தளை அடியிலும் சிவப்பு மசியால் ஒரு பொட்டு வைத்தேன். பெட்டியில் வலது அறை ரைபிளுக்கு, இடது அறை ரிவால்வருக்கு.

அந்த ரிவால்வரைச் சுமக்கப்போகிறவன் வேறு யாருமில்லை, என் மைத்துனன் பட்டாபிராமன். எங்கள் ஆபீசிலேயே குமாஸ்தா. தாயில்லாப் பிள்ளை. என் மனைவி அனந்தலக்ஷ்மி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. சுந்தரவனத்துக்கு என்னோடு வருகிறாயா என்று துரை ஒரு வார்த்தை கேட்டதுதான் தாமதம், பயலுக்குக் கால் தரையில் பாவவில்லை. புலி திரிகிற இடமென்பதால் அவன் இடுப்பில் ரிவால்வர் இருக்கவேண்டும் என்பது துரையின் ஏற்பாடு.

ஆயுத பூஜை வந்தது. தராசு, படிக்கல், புஸ்தகம், தோட்டாப் பெட்டி எல்லாவற்றையும் அனந்தலக்ஷ்மி பலகையில் அடுக்கி வைத்திருந்தாள். மூடிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நானே புஷ்பம் போட்டேன், கற்பூரம் காட்டினேன். அதன்பின் மறுநாள் புனர்பூஜை ஆகிறவரை எதையும் தொடக்கூடாது. தொடவில்லை. தொட்டுத் தொலைத்திருக்கலாம்.

விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்து வேஷ்டி மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பட்டாபி கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, துரை கொடுத்திருந்த ரிவால்வரில் ஆறாவது தோட்டாவைச் செருகிக்கொண்டிருந்தான். மீதி எல்லாவற்றையும் தோல் பையில் கொட்டியாகிவிட்டது. உள்ளே போன அந்தக் கடைசித் தோட்டாவின் அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"டேய், எந்தப் பக்கத்திலேர்ந்து எடுத்தே?"

"இடது பக்கந்தான், அத்திம்பேர். நீங்க சொன்னபடியே."

பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். ஒவ்வொன்றின் அடியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பித்தளை புதுத் தவலை போலப் பளபளத்தது.

"அனந்தம்! இந்தத் தோட்டாவை என்ன பண்ணினே?"

கரண்டியும் கையுமாக வந்தாள். "என்ன பண்ணினேனா? பித்தளையெல்லாம் ஒரே கறுப்பா இருந்தது. பூஜைக்கு அப்படியேவா வெப்பா? புளி போட்டுத் தேச்சு, அலம்பித் தொடச்சு வெச்சேன். நீங்க பாதிக்குத்தான் பொட்டு இட்டிருந்தேள், மீதியெல்லாம் மூளியா கிடந்தது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இட்டுட்டேன்."

"திருப்பி வெக்கறச்சே வலது, இடதுன்னு பாத்தியோ?"

"எல்லாம் ஒண்ணுதானேன்னா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. என்ன என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்துப் பாருங்கோளேன்! தராசுதான் இருக்கே!"

அது எனக்குத் தோன்றாமலில்லை. கனத்த மருந்துக்கும் மெல்லிய மருந்துக்கும் வித்தியாசம் இரண்டு குந்துமணி எடை. நான் வார்த்த குண்டுகளே ஒன்றுக்கொன்று அவ்வளவு ஏறி இறங்கும். ஊருக்கெல்லாம் தேயிலை நிறுத்துக் கொடுத்த தராசு எனக்கு உதவவில்லை. ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிப் பார்ப்பதுதான் வழி. அதற்கு அவகாசம் வேண்டாமா? வாசலில் துரையின் கோச் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கானிங் ரயிலைப் பிடிக்கவேண்டும், கானிங்கில் கடலேற்றம் வடிவதற்குள் சுந்தரவனப் படகு புறப்பட்டாகவேண்டும். அலை யாருக்காகவும் நிற்காது.

பட்டாபியின் தோளைப் பிடித்தேன். "ரிவால்வரைச் சுடாதே. சும்மா இடுப்பிலே வெச்சுக்கோ."

"புலி வந்தா கையைக் கட்டிண்டு நிக்கணுமா?"

"அப்ப போகாதே."

"நன்னா இருக்கு! இன்னிக்குப் போகலேன்னா இனிமே துரை என்னை ஏறெடுத்துப் பார்ப்பாரா? எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீங்க சித்த பேசாம இருங்கோ. சொன்னா உங்களுக்குத்தான் அவமானம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் கட்டிப்போட்டது. உள்ளதைச் சொல்கிறேன், நான் பயந்தாங்கொள்ளி. துரையிடம் போய், என் பெண்டாட்டி தோட்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். ஆறும் மெல்லியதாகவே இருக்கலாம் என்று ஒரு மனசு. ஒன்று மாறியிருந்தாலும் போச்சே என்று இன்னொரு மனசு. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பட்டாபி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி வண்டியில் ஏறிவிட்டான்.

என்னைத் தள்ளிக்கொண்டு யாரோ ஓடினார்கள். அனந்தலக்ஷ்மி. அந்நிய புருஷன் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள், கையில் கரண்டியோடு நடுத்தெருவுக்குப் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். குதிரை தலையை உதறியது. அவள் விடவில்லை. அண்டை வீட்டு போஸ் பாபுவின் மனைவியிடம் கற்ற அரைகுறை வங்காளத்தில் கத்தினாள்.

"சாஹேப், குலி கராப்! ஆமி மிஷியே ஃபேலேசி! ஆமார் பாய் ஜாபே நா!"

தோட்டா கெட்டது, நான்தான் கலந்துவிட்டேன், என் தம்பி வரமாட்டான். இதற்குமேல் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? வண்டிக்குள்ளிருந்து துரை என்னைப் பார்த்தார். இனி ஒளிக்க வழியில்லை. நடந்ததை இங்கிலீஷில் சொன்னேன். துரை சிரிக்கவில்லை. பட்டாபியிடமிருந்து ரிவால்வரை வாங்கித் திறந்து ஆறு தோட்டாக்களையும் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். குங்குமம் அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

"இதில் எது கனத்தது, சீதாராமன்?"

"தெரியாது, சார்."

"எதுவுமே தெரியாதா?"

"ஒன்றுகூடத் தெரியாது, சார்."

ஆறையும் என் கையில் போட்டார். பட்டாபியின் தோளிலிருந்த தோல் பையையும் கழற்றிக் கொடுத்தார். "பாதி தோட்டா என் மானைக் காயப்படுத்தி அனுப்பிவிடும். அதைச் சேற்றில் தேடிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. கானிங்கில் சிநேகிதரிடம் துப்பாக்கி இரவல் வாங்கிக்கொள்கிறேன்." பட்டாபியிடம், "வெறுங்கையோடு இருப்பவனை அந்தக் காட்டுக்கு அழைத்துப் போகமாட்டேன். இறங்கு" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

பட்டாபி நடுத்தெருவில் நின்றான். எதிர் வீட்டு மாடியில் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "என் மானத்தை வாங்கிட்டியே, அக்கா" என்று மட்டும் சொன்னான். அழுகிற வயசில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

உள்ளே வந்ததும் நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆறையும் பார்க்காமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. பட்டாபி எதிரே சுவரில் சாய்ந்து நின்றான். முதல் குண்டைப் பிடுங்கி மருந்தைத் தராசில் கொட்டினேன். மெல்லியது. இரண்டாவதும் மெல்லியது. மூன்றாவதைத் திறக்கும்போது, கனத்ததாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேனா, இருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டேனா, எனக்கே விளங்கவில்லை. கனத்ததாக இருந்தால் அவள் தலை நிமிருமே! நாலு, அஞ்சு, ஆறு. எல்லாம் மெல்லியது.

"பாத்தேளா?" என்றான் பட்டாபி. "ஒண்ணும் ஆகியிருக்காது. எல்லாத்தையும் கெடுத்தாச்சு." இதை என்னிடம்தான் சொன்னான். அக்கா பக்கம் திரும்பவேயில்லை.

நான் அவளைச் சமாதானப்படுத்த வாயெடுத்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. இலையைப் போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சாதத்தைப் பரிமாறினாள். கோபம் இருந்தாலும் பசி இருக்குமே, பயல் வந்து உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். மோர் வேணுமாடா என்று கேட்டாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்றாள். அதற்கும் இல்லை.

சமையலறை வாசலில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "விடு, நாலு நாள்லே பேசிடுவான்" என்றேன்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. சாதம் பிசைகிற அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"பேசாட்டாப் போறான்னா," என்றாள். "கையாலே சாப்பிடறானே, பாருங்கோ."