நீலம் பூசிய கை

எமிலியானுஸின் வலது கை நீலமாக மாறியது 2019ஆம் ஆண்டு பெப்ரவரி பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், துப்பாக்கி இரும்புக்குப் பூசுகிற மினுக்குக் கருநீலம். நோவில்லை. விரல்கள் முன்போலவே மடங்கின. உள்ளங்கை ரேகைகள் மட்டும் தேய்த்து விட்டதுபோல இல்லாமல் போயிருந்தன. அவருடைய மனைவி கிறேஸ் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் எலுமிச்சம்பழத்தாலும் தேய்த்துப் பார்த்துவிட்டு, பருப்பு ஆறுகிறதென்று சொல்லி மேசைக்குக் கூப்பிட்டாள். அடுத்த கிழமை பார்த்த தோல் வைத்தியர் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கோப்பில் எழுதிவிட்டு ஒரு களிம்பு கொடுத்தார்.

கை ஏன் மாறியதென்று எமிலியானுஸ் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் பதினெட்டு வருடம் சென்ட் லோரன்ட்டில் லுசியேன் என்பவரின் கடையில் வேலை. பழைய இராணுவச் சாமான்களை வாங்கி விற்கும் கடை அது. பதக்கம், தொப்பி, கத்தி, உரிய பத்திரங்களோடு வரும் துப்பாக்கி என எதுவானாலும், விலை மதிப்பது எமிலியானுஸ்தான். சேகரிப்பவர்களுக்குப் பழைய பூச்சு அப்படியே இருக்கவேண்டும். வீட்டுக் கராஜில் யாராவது தேய்த்துப் புதிதாகப் பூசியிருந்தால் விலை பாதிக்கும் கீழே விழும். இராணுவப் பட்டறையே திருத்திப் பூசியிருந்தால் கதை வேறு, அதற்கு மதிப்பு அதிகம் குறையாது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை, கையில் எடுத்தாலே போதுமென்பார் அவர். அதில் பிழை போனதும் இல்லை.

கை மாறுவதற்கு மூன்று நாள் முந்திய வியாழக்கிழமை கிளி வந்தாள். மட்டக்களப்புக்காரி, அறுபத்துமூன்று வயது. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஜெரார் தெபுவா என்ற கிழவரை ஒன்பது வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, நடத்தித் திரிந்தவள். கொரியப் போருக்குப் போய்வந்த அந்த மனிதர் நவம்பரில் இறந்தபோது, தன் கைத்துப்பாக்கியை அவள் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். அவளிடம் அனுமதிப்பத்திரம் இல்லை, ஆகவே கடைக்கு விற்பதைத் தவிர வழியில்லை. பொலிஸ் கடிதத்தையும் பூட்டிய பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, எமிலியானுஸின் சட்டையிலிருந்த பெயரைப் படித்தாள், மன்னார்ப் பக்கத்தில் கேட்ட பெயர். அவள் முகத்திலிருந்த பயம் அப்படியே போய்விட்டது.

“தம்பி தமிழோ? கடவுளே, இனிப் பயமில்ல. எனக்கு இந்தச் சாமானப் பத்தி ஒண்டும் தெரியா. நீங்க சொல்றதுதான் விலை.”

அவர் துப்பாக்கியை எடுத்தார். மங்கலான சாம்பல் கறுப்பு. கைப்பிடியை மூடிய பிடிப்பலகையைக் கழற்றியபோது உள்ளே இராணுவப் பட்டறையின் முத்திரையும் திருத்திய ஆண்டும் தெளிவாக இருந்தன. கடை கொடுக்கக்கூடிய நியாயமான விலை ஆயிரத்து எண்ணூறு டொலர். பலகையைத் திரும்பப் பூட்டினார்.

“ஆரோ வீட்டில வச்சுப் புதுசாப் பூசியிருக்கினம், அக்கா. பழுதாக்கிப் போட்டினம். நானூறுக்கு மேல குடுக்க ஏலாது.”

லுசியேனுக்குத் தமிழ் விளங்காது. எமிலியானுஸுக்கு அப்போது காசுக் கஷ்டமும் இல்லை. அவள் அவ்வளவு நம்பியதுதான் அதைச் சுலபமாக்கியது. அதை நினைக்கும்போதுதான் பின்னாளில் அவருக்கு அதிகம் கூசியது. அவள் இரண்டு முறை நன்றி சொல்லி, கையெழுத்து வைத்து, காசோலையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பனியில் நடந்து போனாள். துப்பாக்கி சனிக்கிழமையே இரண்டாயிரத்து முந்நூறுக்குப் போனது. லுசியேன் அவர் தோளில் தட்டி இருநூறு டொலர் கொடுத்தார். மறுநாள் கை மாறியது.

குளிர் முடியும்வரை கையுறை காப்பாற்றியது. பூசையில் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்காமல் நாக்கில் வாங்கினார். மே மாதத்தில் வேர்க்க வேர்க்கக் கையுறையோடு திரிபவரைப் பேருந்தில் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். கடையில் நிலைமை இன்னும் மோசம். எதை எடுத்தாலும் அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தொப்பிக்கும் ஒரு பாண் துண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் வங்கியில் ஆயிரத்து நானூறு டொலர் எடுத்து, விற்பனைப் பத்திரத்திலிருந்த முகவரியைப் பார்த்துக் கிளியின் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவளிடம் கையுறையைக் கழற்றிக் காட்டினார். பிறகு முத்திரையைப் பற்றியும் நியாயமான விலையைப் பற்றியும் சொன்னார். கிளி கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், செருப்பை மாட்டினாள்.

“வாங்க. ஒரு இடம் காட்டோணும்.”

இருவரும் பேருந்தில் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அதில் ‘ஜெரார்’ என்று மட்டும் பிரெஞ்சில் வெட்டியிருந்தது. கீழே வெறும் கல்.

“என்ர கைத்துவக்க வித்து எனக்கு ஒரு கல்லு வை எண்டுதான் அவர் எழுதி வச்சது. கல்லுக்குப் போக எழுத்துக்கு எழுத்து காசு கேட்டாங்கள். நானூறுக்கும் என்ர கைக்காசுக்கும் இவ்வளவுதான் வந்தது. சொந்தக்காரர் இல்லாத மனிசன். வாற போற ஆக்கள் இத நாய்க்கு வச்ச கல்லு எண்டு நினைப்பாங்கள்.”

எமிலியானுஸ் மன்னிப்புக் கேட்டார்.

“தெரியாமச் செய்திருந்தா மன்னிக்கலாம். பலகையக் கழட்டிப் பாத்துட்டுத்தானே சொன்ன நீங்க? காசத் தாங்க. மத்தத நான் பேந்து யோசிக்கிறன்.”

அங்கேயே நின்று நோட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டாள். ஓகஸ்டில் ‘தெபுவா’ என்ற பெயரும் இரண்டு ஆண்டுகளும் கல்லில் ஏறின. கை பழையபடி மாறவில்லை. மாறுமென்று எமிலியானுஸ் ஒரு கிழமை குழாயைத் திறந்து கழுவிக் கழுவிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ‘பேந்து’ என்றவள் அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. வருடத்துக்கு ஒருமுறை தெருவில் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

2022இல் கைத்துப்பாக்கி விற்பதைச் சட்டம் நிறுத்தியது. லுசியேன் கடையைப் பூட்டினார். எமிலியானுஸ் புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனார். விரல் வைத்துப் பதியும் இயந்திரம் வலது கையை ஏற்காததால் இடது பெருவிரலைப் பதிந்துகொண்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் இன்னொரு விசயம் பரவியது. அந்தக் கை எந்த வெயிலிலும் இரும்புக் குளிர்ச்சி குறையாது. மேல்மாடிக் கஜந்தியின் மகளுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்றைத் தாண்டிய ஒரு பிற்பகலில் அவர் அதை நெற்றியில் வைத்தார், பிள்ளை கண்ணை மூடி நித்திரையானாள். அதன்பின் காய்ச்சல் காலத்தில் கட்டடத்து ஆட்கள், தமிழரும் மற்றவர்களும், கதவைத் தட்டுவார்கள். கிறேஸ் அவர்களை வரிசையில் இருத்தித் தேநீர் கொடுப்பாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் “மெர்சி” என்றோ “கோடி புண்ணியம் அண்ணை” என்றோ சொல்லும்போது எமிலியானுஸ் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். தலையைக் குனிந்தபடி, அடுத்த பிள்ளையின் நெற்றியைத் தேடுவார்.