மாமனாரின் பெயர்

மணி அடித்தபோது ஜிபெக் மேசைக்கு அடியில் இருந்தாள். பயத்தால் அல்ல, பேனா உருண்டு போயிருந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது, சேர்த்துவைத்து மொத்தமாக.

நரின் நகரத்து ஓரத்தில் இருக்கும் அந்த இறைச்சிக் குளிர்கிடங்கில் அபாயமணிக்கு ஒரே அர்த்தம்தான்: இயந்திர அறையில் அம்மோனியா கசிகிறது. கூடவே மின்சாரமும் போயிருந்தது. அலுவலகத்தில் இன்டர்நெட்டில் ஓடுகிற பளபளப்பான புதுப் போன்களெல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடிவிட்டன. ஆபரேட்டரான ஜிபெக்கின் மேசையில் பழைய டிஜிட்டல் போன் மட்டும் விழித்திருந்தது. குளிர் அறைகளில் இருப்பவையும் அதே ரகம். அந்தக் குளிருக்குப் புதுசு தாங்காது என்று, போன் மாட்ட வந்த ரெனாத் பழசையும் புதுசையும் ஒரே பெட்டியில் இணைத்து, பெட்டிக்கு ஒரு பேட்டரியும் கொடுத்திருந்தான்.

இப்போது அந்த ரெனாத்தே கழுத்துத்துணியை மூக்கில் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினான்.

"அண்ணி! எல்லாரும் முற்றத்துக்கு வந்தாச்சு. உங்க மாமனாரத்தான் காணோம்!"

"எங்க போனாங்க?"

"மூணாம் அறைக்கு, ஆட்டுத்தொடை தொங்குற அழகப் பாக்க! போன்ல கூப்பிடுங்க. கதவு உள்ளேருந்துதான் திறக்கும். எவ்வளவு இடிச்சாலும் அந்தச் சுவத்துல கேக்க மாட்டேங்குது!"

மூன்றாம் அறைக்கு இரண்டு கதவுகள். இரும்புக் கதவு முற்றத்துக்கு. மரக்கதவு இயந்திர அறைக்கு. அங்கேதான் தேநீர் கொதிக்கும் பாத்திரம் இருக்கிறது. மாமனார் மரக்கதவைத் தவிர வேறு வழியாக வெளியே வந்ததாக வரலாறு இல்லை.

அவர் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் அவர்கள் மொழியில் இரும்பு. அந்த ஊர் வழக்கத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. ஆகவே கல்யாணமான நாளிலிருந்து ஜிபெக்குக்கு இரும்பு என்பது 'கெட்டி'. கெட்டி வாளி, கெட்டி ஆணி, கெட்டிக் கதவு. கிடங்கே சிரிக்கும். மாமனார் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் காதுபட அவள் குரல் உயர்ந்ததும் இல்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். இங்கே பேசினால் அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும்; அங்கே நடப்பது இங்கே கேட்கும். பூட்ஸ் சத்தம் கேட்டது. கொக்கிகள் உரசின. மாமனார் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார்.

"அத்தா, காஸ் கசியுது. கெட்டிக் கதவு வழியா உடனே வெளிய வாங்க."

பாட்டு நின்றது.

"ரெனாத்து! போதும்டா! வாசகத்த மாத்திப் போட்டா நம்பிடுவேனா? வாரம் பூரா இதே ஒப்பாரி!"

அவர் அவளை டேப் என்று நினைத்துவிட்டார். குரல் இனிமையாக இருக்கிறது என்று சொல்லி ரெனாத் எச்சரிக்கை அறிவிப்பை அவள் குரலில்தான் பதிவு செய்திருந்தான். 'உடனே வெளியேறுங்கள், இது சோதனை அல்ல' என்ற அதே வாசகத்தைத் தினமும் போட்டுச் சோதித்தான். முதல் நாள் மாமனார் தொப்பிகூட இல்லாமல் பனியில் ஓடினார். மறுநாள் நடந்து வந்தார். அதற்குப் பிறகு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அத்தா, இது டேப் இல்ல. நெசமா நான்தான், ஜிபெக்!"

"நேத்தும் நீதான், முந்தாநாளும் நீதான்," என்றார் மாமனார். பிறகு தனக்குள்ளே, "டேப்போட வாயாடுறேன் பாரு, கிழட்டுக் கழுதை."

பூட்ஸ் நகர்ந்தது. தேநீர்ப் பக்கம். மரத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

டேப்பில் அவள் ஒருநாளும் பதிந்திருக்க முடியாத சொல் எது? அது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. வாயைத் திறந்தாள், காற்று வந்தது. ஒரு பக்கம் ஓர் உயிர், மறுபக்கம் மரியாதை. தொண்டை மரியாதையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தொண்டைகளின் புத்தி அவ்வளவுதான்.

"தெமிர்குல்!"

கசாப்புக்கு இழுத்த ஆடுகூட அப்படிக் கத்தியிருக்காது. பதற்றத்தில் பொதுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருந்தாள்; எல்லா அறைகளிலும், முற்றத்திலும், ரெனாத் வேண்டாத ஆர்வத்தில் கழிவறையில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் அது எதிரொலித்தது.

"தெமிர்குல்! அந்தக் கதவத் தொடாதே! இரும்புக் கதவு! இரும்பு, இரும்பு! வெளிய போ, தெமிர்குல்!"

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பூட்ஸ் இல்லை. பாட்டு இல்லை. எங்கோ ஒரு கொக்கி மட்டும் ஆடி ஆடி ஓய்ந்தது. திறந்துவிட்டாரா? எந்தக் கதவை? கண்ணைக் கரிக்கும் நெடி ஒன்று அவள் அறைக்குள்ளும் மெல்ல எட்டிப் பார்த்தது.

போனில் முற்றத்துப் போனுக்கான விளக்கு மினுங்கியது. எடுத்தாள்.

"வெளிய வந்துட்டேன்," என்றது மாமனாரின் குரல், இருமலுக்கு நடுவே.

ஜிபெக் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே கேட்கப் பெயர். போதாக்குறைக்கு 'போ'. இனி இவருக்கு எந்த முகத்தோடு தேநீர் ஊற்றுவது? சற்றுமுன் கிடங்கை அதிரவைத்த தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது.

"பொண்ணே? நீயும் கிளம்பிட்டேல்ல?"

வாயைப் பொத்திய கை அப்படியே இருந்தது.

"ஜிபெக்? ரெனாத்து, இவ பேசமாட்டேங்குறாடா! மூச்சு மட்டும் கேக்குது! காஸ் அங்கயும் போயிடுச்சா?"

"பெரியவரே, உள்ள போகாதீங்க! முகமூடி வருது!"

"கைய விடுடா, நாயே!" ஏதோ இழுபறி. பிறகு குரல் மீண்டும் போனுக்கு வந்தது, நடுக்கத்தோடு. அந்தக் குரல் நடுங்கி அவள் கேட்டதே இல்லை. "மகளே, எங்கம்மாவுக்கு அப்புறம் என்ன அப்படி அதட்டிக் கூப்பிட ஆளில்ல. இன்னொரு தடவ கூப்பிடு. திட்டிக்கூடக் கூப்பிடு. பேசாம மட்டும் இருக்காதே."

"அத்தா..."

"கேக்கல! சத்தமா!"

"வர்றேன் அத்தா!"

போனை வைக்காமலே ஓடினாள். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும், எதுவும் காதில் விழாதது போல, வானத்தையும் பனியையும் தங்கள் பூட்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர் மாமனார் ஒருவர்தான்.