தப்பான பக்கம் இழுத்த பெட்டி

மூன்று நாள் அடித்த காற்று, டிரோல் மலையில் எங்கள் ஊருக்கு மேலிருந்த சரிவில் புதுப்பனியைக் கொண்டுவந்து திண்டு திண்டாக அடுக்கிவிட்டிருந்தது. அடியில் பழைய பனி, சர்க்கரை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல். வானொலியில் அன்றைக்குப் பனிச்சரிவு அபாயம் மூன்று என்றார்கள். உச்சம் ஐந்துதான், செல்லங்களே. ஆனால் ஆட்களை அதிகம் கொண்டுபோவது இந்த மூன்றுதான்.

சரிவை ஒவ்வொருவராகச் சறுக்கிக் கடக்கலாம் என்றேன். என் தங்கை சென்ட்ஸியின் புருஷன் ஃப்ரிடோலின் முந்திக்கொண்டார்.

“பெரியவங்க பின்னாடி வாங்க அண்ணி. நான் பாதை போட்டுத் தரேன்.”

“பாதை போடுங்க மாப்பிள்ளை, குழி பறிச்சிடாதீங்க.”

பாதி தூரம் போயிருப்பார். ‘வும்’ என்று மலை மூச்சு விட்டது. அவருக்கு மேலே வெள்ளையில் ஒரு கோடு ஓடியது, சரிவு முழுவதும் பாளம் பாளமாக உடைந்து கிளம்பியது. அரை நிமிஷம். அப்புறம் சத்தமே இல்லை. மாப்பிள்ளையைக் காணோம்.

கால் மணிக்குள் எடுத்தால்தான் ஆள்.

எங்கள் மூவர் நெஞ்சிலும் ஒரு சின்னப் பெட்டி. நடக்கும்போது அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியை, அனுப்புவதை நிறுத்தித் தேடும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பினேன், சறுக்கி இறங்கினேன். பெட்டி தூரம் காட்டியது: பதினெட்டு மீட்டர். பன்னிரண்டு. ஏழு. எண் இறங்க இறங்க வேகம் கூட்டினேன். மூன்று. இரண்டு. நிமிர்ந்தால் எதிரே சென்ட்ஸி, அவர் தொப்பி கிடந்த இடத்தில் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருக்கிறாள்.

“இங்கதான்க்கா, தொப்பி கெடக்கு.”

“உன் பெட்டியத் திருப்புனியா?”

“எதை?”

“அடிப்பாவி, இவ்ளோ நேரம் உன்னத்தாண்டி தேடிட்டு வந்திருக்கேன்.”

“திட்டாதக்கா, கை நடுங்குது.”

“அப்புறமா நடுங்கிக்கலாம்.”

நானே பிடித்துத் திருப்பினேன். என் பெட்டியில் எண் அணைந்து, வேறொன்று எரிந்தது: முப்பத்தொன்று. கீழே, பாறைப் பக்கம். ஆறு நிமிஷம் போய்விட்டிருந்தது.

விழுந்தடித்து ஓடினோம். எண் ஒன்றுக்கு வந்து, அதற்குக் கீழே குறையவில்லை. முதுகுப்பையிலிருந்த மடக்குக் கம்பியை நீளமாக்கிப் பனிக்குள் குத்தினேன். மூன்றாவது குத்து மெத்தென்று நின்றது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து மண்வெட்டியால் மாறி மாறி வெட்டினோம். பனி சிமெண்டாக இறுகியிருந்தது.

“முந்திக்கிட்டுப் போற புத்தி எப்பதான் போகுமோ இந்த மனுஷனுக்கு,” என்று அழுதுகொண்டே வெட்டினாள் சென்ட்ஸி. “வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு.”

முகம் தெரிந்தது. உதடு நீலம். வாயிலிருந்த பனியை அவள் விரலால் வழித்தெடுத்தாள். ஒரு இருமல். பிறகு மூச்சு.

“கேட்டுச்சு,” என்றார் மெதுவாக. “நீ திட்டுனதெல்லாம் உள்ள கேட்டுச்சு.”

“கேட்டா பதில் சொல்றதுக்கென்ன?” என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் திட்டினாள்.