சத்தம் பத்தாத ஆம்ப்

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பங்குச்சாமியார் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சூசைராஜுக்குப் பொறுக்கவில்லை.

"சூசை, வர்ற ஞாயிறு திருவிழாப் பூசை. ஆக்னஸ் முதல் தடவையாத் தனியாப் பாடுறா. உங்க கிட்டார் பிள்ளை குரலை முழுங்கிருது. வேற நல்ல ஆம்ப் கிடைச்சாப் பாருங்க. இல்லேன்னா அன்னைக்கு ஒருநாள் கீபோர்டு மட்டும் இருக்கட்டும்."

ஆக்னஸ் ஊரார் வீட்டுப் பிள்ளை இல்லை. சூசைராஜின் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. பூசையில் முதல் வாசகத்துக்கு அடுத்து வரும் பதிலுரைப் பாடலை மகள் பாட, பக்கத்தில் உட்கார்ந்து அப்பன் கிட்டார் வாசிக்க வேண்டும் என்பது அவள் மழலை மாறாத வயதிலிருந்தே அந்த வீட்டில் பேசிப்பேசித் தேய்ந்த ஆசை. அந்த நாள் வந்து நிற்கும்போது அப்பனை மட்டும் எழுந்து போகச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஆம்ப்தான் மக்கர் பண்ணுது. எவ்வளவு வச்சாலும் சத்தம் பத்தல" என்று வீட்டுக்கு வந்து பொருமினார். அவருடைய மனைவி பிலோமி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய ஆம்புக்கு ஸ்பீக்கர் மாற்றியாகிவிட்டது, வயர் மாற்றியாகிவிட்டது, கிட்டாருக்குக் கம்பியும் மாற்றியாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கீபோர்டுக்காரர் ஜாடையாகச் சொன்னது பிலோமியின் காதுக்கும் வந்திருந்தது. அந்த வாயை அடைக்கவாவது புது ஆம்ப் வாங்கத்தான் வேண்டும் என்று அவளும் முடிவுகட்டினாள். மனிதர் கடையில் பெரியதாகப் பார்த்துக் கைவைத்துவிடுவாரே என்ற பயத்தில் கூடவே கிளம்பினாள்.

காரைக்குடியில் முஜிபுர் ரகுமான் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுபவர். கடையில் ஆம்பும் விற்பார். ஆளைப் பார்த்ததும் முதல் கேள்வியே சரியாகக் கேட்டார்.

"வீட்டுக்காண்ணே, கோயிலுக்கா?"

"ரெண்டுக்கும்தான் பாய். விலையும் கையைக் கடிக்கக்கூடாது."

"அப்ப கொஞ்சம் சூதானமாத்தான் பாக்கணும். வீட்டுக்கு வாங்குனா கோயில்ல பத்தாது. கோயிலுக்கு வாங்குனா பக்கத்து வீட்டுக்காரக கல்லெடுத்து எறிவாக."

மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று டிபன் கேரியர் அளவு. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் கிட்டாருக்கு ஒரு ஓட்டை, மைக்குக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை. கரண்ட் போனால் பேட்டரியிலும் பாடும். மூன்றாவது, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கறுப்புப் பெட்டி.

சூசைராஜ் சின்னதில் கிட்டாரைச் செருகி வாசித்தார். பிலோமிக்குக் கணீரென்று கேட்டது.

"சத்தமே வரலையே பாய்?" என்றார் சூசைராஜ்.

முஜிபுர் நடு ஆம்பில் மாட்டிக் கொடுத்தார். சூசைராஜ் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மூடி போட்டு வச்ச மாதிரி இருக்கு. கம்பிச் சத்தம் வெளிய வரல" என்று சொல்லிக்கொண்டே ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி மறுபடி வாசித்தார். பிலோமிக்குப் பல் கூசியது. எதிர்ச்சாரியில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். முஜிபுர் தன்னையறியாமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆங், இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார் சூசைராஜ். முகமெல்லாம் மலர்ச்சி.

"அண்ணே, ஒண்ணாங் கம்பி கொஞ்சம் இறங்கியிருக்காப்ல தெரியுதே."

சூசைராஜ் அந்தக் கம்பியை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?"

அது சரியாக இல்லை. பிலோமிக்குச் சுருதி, தாளம் ஒன்றும் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கிட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவள். பருப்பு தீய்ந்த வாடை தெரிகிற மாதிரி அது அவளுக்குத் தெரிந்தது. இந்த மனிதர் இப்படி ஒரு கம்பியை விட்டுவைக்கிறவர் இல்லை.

அவள் மெல்ல எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "ஏங்க" என்றாள். அவர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். கொஞ்சம் குரலை உயர்த்தி, "ஏங்க, இங்குட்டுப் பாருங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. முஜிபுர்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளாக்கா?" என்று கேட்டார். சாதாரணக் குரலில்தான் கேட்டார். சூசைராஜ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

"தெரியலையே."

"எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழயே காலத்தைக் கழிச்ச மனுசன். கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். பேச்சு கேக்குற மாதிரி இருக்கும், ஆனா என்ன சொல்றாகன்னு புரியாது. பெரிசை வாங்கிக் குடுத்துராதீக. டாக்டர்ட்ட காட்டுங்க."

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல் அந்த மனிதர் கிட்டாரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பிலோமி பார்த்தாள். அமராவதிபுதூர் மரப்பட்டறையில் இருபது வருசமாக ரம்பமும் இழைப்பு மெஷினும் அவர் காதருகே அலறிக்கொண்டிருக்கின்றன. காதில் பஞ்சு வைக்கச் சொன்னால், "ரம்பம் என்ன சொல்லுதுன்னு கேக்காம வேலை பாத்தா விரலு போயிரும்" என்பார். மெஷின் பேரிங்கில் கோளாறு என்றால் நீளத் திருப்புளியின் முனையை அதில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பார். முன்னெல்லாம் எப்போதாவது செய்வார். இப்போது அடிக்கடி தேவைப்பட, திருப்புளி எந்நேரமும் அவர் பையிலேயே கிடக்கிறது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

அது மட்டுமா? இரண்டு வருசமாக அடுப்படியிலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டவள் அவள். பதில் வராது. பெண்டாட்டி என்றால் இளக்காரம், சம்பாதிக்கிற திமிர் என்று நினைத்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்கு என்று எத்தனை தடவை முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள்! அந்தச் சொல்லை நினைத்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"பாய், அந்தப் பெரிசை மாட்டுங்க" என்றார் சூசைராஜ்.

"வேணாம்" என்றாள் பிலோமி, அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்று. "நடுவுல உள்ளது போதும். அடுத்த வீட்ல கைப்பிள்ளை இருக்கு. ஹெட்போனு மாட்டிக்கிட்டு எந்நேரமும் வாசிக்கலாம். பிள்ளைக்கு மைக்கும் மாட்டிக்கலாம்."

"கோயில்ல பத்தாது புள்ள!"

"பத்தலேன்னா திங்கக்கிழமை கொண்டாங்கண்ணே, மாத்தித் தர்றேன்" என்று முஜிபுர் இடையில் புகுந்து காரியத்தை முடித்துவைத்தார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லி என்ன பிரயோசனம்? வீட்டுக்கு வந்து, ஆக்னஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போன பிறகு, அவரை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

சூசைராஜுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "எனக்கா காது கேக்கல? ரம்பத்துல ஒரு பல்லு மழுங்குனாலும் சொல்றவன்டீ நான். இதைப் பட்டறையில எவன் காதுலயாவது போட்டு வைக்காத, சோத்துல மண்ணு விழுந்துரும்."

"கடையில பின்னால நின்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல நீங்க."

"ரோட்டுச் சத்தம்."

"பாய்க்குக் கேட்டுச்சே!"

பிலோமி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள். "சண்டைக்கு இது நேரமில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் நான் சொல்றதைக் கேளுங்க. நான் முதல் வரிசையில இருப்பேன். நீங்களா குமிழைத் திருகாதீக. என் கையைப் பாத்துத் திருகுங்க. பிள்ளை பாட்டைக் கெடுத்துட்டா அப்புறம் கிட்டாரைத் தொடவே உங்களுக்கு மனசு வராது."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கேட்டும் பதில் சொல்லாமல் போனாரா, கேட்கவே இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. இனிமேல் எந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. தோரணமும் பூவும் பட்டுப்புடவையுமாகச் சனம் வாசல்வரை வழிந்தது. பாடகர் குழுவின் ஓரத்தில் சூசைராஜ் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். புது ஆம்ப் அவர் காலடியில் இருந்தது. பூசை தொடங்கி, முதல் வரிசையில் பிலோமி இருக்கும் பக்கம் அவர் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

முதல் வாசகம் முடிந்தது. ஆக்னஸ் எழுந்து மேடைக்குப் போனாள். சூசைராஜ் தொடங்கினார். கிட்டார் அளவாகத்தான் கேட்டது. ஆக்னஸ் வாய் திறந்தாள். மெல்லிய குரல், ஆனால் பிசிறில்லாமல் வந்தது. பிலோமி நிம்மதியாக மூச்சுவிடப் போனாள்.

அப்போதுதான் சூசைராஜ் ஆம்பைப் பார்த்தார். முகத்தில் அதே பழைய சுளிப்பு. கை குமிழுக்குப் போனது.

வேண்டாம், வேண்டாம் என்று பிலோமி உள்ளுக்குள் அலறினாள். அவர் திருகிவிட்டார். அடுத்த வரியில் ஆக்னஸின் குரல் கிட்டாருக்குள் காணாமல் போனது. பிள்ளை திணறி அப்பாவைப் பார்த்தாள். பீடத்தில் சாமியார் தலையை நிமிர்த்தினார். கீபோர்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போலத் தன் கருவியில் கையை வைத்தார். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பிலோமி எழுந்துவிட்டாள். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தியாக எழுந்து நின்றாள். வெட்கம் பார்த்தால் ஆகுமா? கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக இறக்கினாள்.

அவர் பார்த்தார். அவள் மறுபடியும் இறக்கினாள். அவர் கண்ணில் கோபம் தெரிந்தது, பிறகு பயம் தெரிந்தது. மகளைப் பார்த்தார். மகளின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. அப்போது அவருக்கு என்ன புரிந்ததோ, குனிந்து குமிழைக் குறைத்தார். பிலோமி இன்னும் இறக்கினாள். அவர் இன்னும் குறைத்தார். ஆக்னஸின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து கோயிலை நிறைத்ததும் பிலோமி விரல்களை மூடினாள். அவரும் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

தன் கிட்டார் தனக்கே சரியாகக் கேட்காத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போன வீட்டில் தட்டுத்தடுமாறுகிறவர் முகம்போல இருந்தது. பிறகு மெதுவாகக் குனிந்து, தாடை எலும்பைக் கிட்டாரின் மேல்விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டார். பட்டறையில் திருப்புளியை அழுத்துகிற அதே அழுத்தம். கண்ணை மகளின் உதட்டை விட்டு எடுக்கவேயில்லை. கடைசி வரிவரை ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆக்னஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, எப்படிப்பா பாடுனேன்?"

நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"கேக்கல ஆத்தா" என்றார் சூசைராஜ். "உன் வாயைப் பாத்துத்தான் வாசிச்சேன். அப்பாவுக்குக் குரல் கேக்கல."

ஆக்னஸ் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து யாரும் சோற்றில் கைவைக்கவில்லை. ஆக்னஸ்தான் ஆம்பைக் கூடத்தில் வைத்து, ஒரு ஓட்டையில் மைக்கையும் இன்னொன்றில் ஹெட்போனையும் மாட்டினாள். அப்பாவின் காதில் ஹெட்போனை வைத்துவிட்டு எதிரே நின்று காலையில் பாடியதையே பாடினாள். பிலோமி தரையில் உட்கார்ந்து குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். ட்ரெபிளையும் திருகினாள். ஒரு இடத்தில் சூசைராஜ் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

அசையாமல் கேட்டார். கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது, துடைக்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரியாமல் உரக்கக் கேட்டார்.

"பிலோமி, இவ குரல் மாறிருச்சா? சின்னப்பிள்ளைக் குரல்லதானே பாடுவா? இது எப்ப மாறுச்சு?"

நாளைக்குக் காது டாக்டரிடம் போக வேண்டும். பட்டறையில் சொல்ல வேண்டும். அதெல்லாம் நாளைக்கு. பிலோமி எழுந்து மகளிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமல் இருந்த அவருக்குப் பின்னால், அவர் பார்க்க முடியாத இடத்தில் போய் நின்றாள். உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, குரலை உயர்த்தாமல், அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற அதே சொல்லால் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"என்ன புள்ள?" என்று திரும்பினார் சூசைராஜ்.