நிலா விழவில்லை

கழக்கூட்டத்தில் சிறுவர்களுக்கான அறிவியல் படங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் விஷ்ணுப்ரியாவுக்கு வேலை. புதுப் படத்தின் கதை இதுதான்: மனிதர்கள் நிலாவைத் தோண்டிப் பாதியை அள்ளிப் போகிறார்கள், எடை குறைந்த நிலா பாதை தவறி விழிஞ்ஞம் கடலில் வந்து விழுகிறது. நிலாவின் பாதையைக் கணக்குப் போட்டுத் திரையில் ஓட்டிக் காட்டுவது அவள் பொறுப்பு.

ஓட்டினாள். நிலா விழவில்லை.

"பாதி நிறை போச்சுன்னா பூமி இழுக்கற பலமும் பாதியாறது சார். ஆனா இழுபடற பாரமும் பாதிதானே? அதனால பழையபடியே சுத்தும். பாதை ஒரு துளி பெரிசாகும், கண்ணுக்கே தெரியாது."

மேலாளர் விஜய்குமார் சிரித்தார். "அதெல்லாம் புக்குல, கேட்டோ. நமக்கு விழணும்."

"என் கணக்குல விழாது."

"அபிஜித் செய்வான், நீ போ."

பக்கத்து மேஜை அபிஜித், அவள் முகத்தைப் பார்க்காமல், நிலாவின் வேகத்தைப் பூஜ்யமாக்கினான். அது நேராக வந்து விழுந்தது.

கண்காட்சி நடத்தும் ரத்னாபாய் அதில் காட்டப் படம் வாங்குவதற்காகப் பார்க்க வந்தார். முடிந்ததும் கைதட்டினார். "எல்லாம் சரியான கணக்குப்படி செஞ்சது மேடம்," என்றார் விஜய்குமார்.

கற்பனை என்று சொல்லியிருந்தால் விஷ்ணுப்ரியா பேசாமல் இருந்திருப்பாள்.

"இல்லை மேடம். கணக்குப்படி அது விழலை. நாங்க பிடிச்சு நிறுத்தினோம், அதான் விழுந்தது."

"விஷ்ணு, வெளியில போ!"

"சொல்லிட்டுப் போறேன் சார்."

ரத்னாபாய் திரும்பினார். "அப்போ பாதி நிலா போனா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். நிலாவால கடல் பொங்கறது பாதியாயிடும். ராத்திரி வெளிச்சம் குறையும். அதைக் காட்டலாமே?"

"பிள்ளைங்க கொட்டாவி விடும்மா."

"விடட்டும் மேடம். பொய்யைக் கணக்குன்னு சொல்றதுக்கு அது தேவலை."

ரத்னாபாய் விழும் படத்தையேதான் எடுத்துக்கொண்டார். ஆனால் தொடக்கத்தில் 'இது கற்பனை' என்று பெரிதாகப் போடச் சொன்னார்.

"ஒரு ஸாரி சொல்லு, படத்துல உன் பேர் இருக்கும்," என்றார் விஜய்குமார்.

"என் பேரை எடுத்துடுங்கோ சார்."

மறுநாள் அவளை ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மாற்றினார்கள். புடவை காற்றில் பறக்க வேண்டும். கோபம் பாதி, வேலை போய்விடுமோ என்ற பயம் பாதியாக அதைத் திரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் அபிஜித் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் நிலாவை ஒண்ணு ஓட்டிக் காட்டு."

பாதியாய்ப் போன நிலா பூமியைச் சுற்றத் தொடங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் விஜய்குமார் நின்று பார்த்தார். அவள் திரையை மூடவில்லை.