ஜூலைக்கு ஒரு முகம்

வட்டம் கன்னத்தின்மேல் வந்து நிற்கிறது, இடது தாடைக்குச் சற்று மேலே, கணினித் திரையில் மட்டும் தெரிகிற மெல்லிய வெள்ளை வட்டம், அதை ஒரு பருவின் மேலோ மச்சத்தின் மேலோ வைத்து அழுத்தினால் போதும், பக்கத்துத் தோல் வந்து மூடிக்கொள்ளும், டச்சப் என்று இதற்குப் பெயர், பத்தொன்பது வருடமாகப் பழகிய எஸ்தரின் விரலுக்கு இது கண் இமைப்பது மாதிரி, மனது சொல்வதற்குள் விரல் அழுத்தியிருக்கும், ஆனால் இப்போது அழுத்த அங்கே எதுவும் இல்லை, சண்முகக்கனியின் கன்னம் வழவழவென்று கிடக்கிறது, அங்கே இருந்ததை எஸ்தர் ஜூலை மாதமே அழித்துவிட்டாள், இன்று டிசம்பர் முப்பத்தொன்று. கோவில்பட்டி மார்க்கெட் சாலையில் துணிக்கடை மாடியிலுள்ள அவளுடைய ஸ்டூடியோவில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கிறது, ஒவ்வோர் ஆண்டுக் கடைசியிலும் செய்கிற வேலைதான், மாதத்துக்கு ஒரு முகமாகப் பன்னிரண்டு கட்டங்கள், கீழே நாலு வரி நன்றி, வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், என் படத்தைப் போடாதே என்று யாரும் சொன்னதில்லை, போடட்டுமா என்று அவளும் யாரையும் கேட்டதில்லை, சாயங்காலம் தேவாலயத்துக்குக் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் காலையில் உட்கார்ந்தாள், பதினொரு கட்டம் நிரம்பிவிட்டது, ஜூலை மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இளிக்கிறது.

ஜனவரியில் ஒரு வயது நிறையாத பேச்சியம்மாள், மொட்டைத் தலையும் கன்னத்தில் பெரிய திருஷ்டிப்பொட்டுமாக, அன்றைக்கும் இந்த வட்டம் நேரே போய் அந்தப் பொட்டின்மேல் நின்றது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்காரி பதறிவிட்டாள், அக்கா அக்கா, அதத் தொட்டுறாதீங்க, தெரியணும்னுதான வச்சிருக்கோம். ஏப்ரலில் அறுபதாம் கல்யாணத் தம்பதி, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று அரை மணி நேரம் வாக்குவாதம், இத்தன வருசம் உங்க இடப்பக்கம் நின்னு என்னத்தக் கண்டேன் என்று அந்த அம்மாள் கேட்க, பெரியவர் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பைத்தான் எஸ்தர் பிடித்துக்கொண்டாள். அக்டோபரில் லாரி டிரைவர் ஒருவர் லைசென்ஸ் படத்துக்கு வந்து பதினொரு தடவை கண்ணை மூடினார், ரோட்டுல இப்படி மூட மாட்டேன் மேடம், நம்புங்க என்றார். இவர்கள் இல்லாவிட்டால் எஸ்தர் ஏது, யாரோ ஒருத்தி நாடியைப் பிடித்துத் திருப்புகிறாள், பேசாமல் திரும்பிக் கொடுக்கிறார்கள், இந்த நம்பிக்கையை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நெகிழத்தான் செய்கிறது, அதை நாலு வரியில் எழுத உட்கார்ந்தால் மட்டும் நன்றி என்ற சொல்லுக்குமேல் கை ஓடமாட்டேன் என்கிறது. ஜூலைக்கும் ஆள் இல்லாமல் இல்லை, ஒரு வளைகாப்புப் பெண், ஒரு கராத்தே பையன், ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், யாரை வைத்தாலும் அந்த முகத்துக்குப் பின்னால் சண்முகக்கனி நிற்கிறாள்.

கனி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவோடு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் படம் வேண்டும், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண், அப்பா வீட்டுக் கொல்லையிலேயே கடலைமிட்டாய் போடுகிறவர், ஆறு வயதில் அடுப்புப் பக்கம் ஓடிப்போனவள்மேல் கொதிக்கிற வெல்லப்பாகு தெறித்து, இடது தாடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு. கதை எதுவும் எஸ்தருக்கு அப்போது தெரியாது, தழும்பைப் பார்த்தாள், அழுத்தினாள், பாவம் நல்ல பிள்ளை, நல்ல இடம் அமையட்டும் என்று நினைத்தே அழுத்தினாள், அந்த நல்லெண்ணம்தான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. படத்தை வாங்கிப் பார்த்த கனி தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், பூரித்துப்போய்விட்டாள் என்று எஸ்தர் எடுத்துக்கொண்டாள், எவ்வளவு மண்டைக்கனம்.

செப்டம்பரில் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையின் தாயார் காப்பித் தம்ளரைக் கையில் வாங்காமலே கனியை உற்றுப் பார்த்து, இது என்னது, போட்டோவுல இல்லையே, மறைச்சுல்லா காட்டியிருக்கீங்க என்று எழுந்துவிட்டாராம், தழும்பைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மறைத்த வீடு என்ற பேச்சுதான் பரவியது, அதற்குப்பின் வந்த இரண்டு இடமும் வாசலோடு நின்றுபோனது. இதையெல்லாம் சொன்னவள் கனிதான், இதோ இந்த ஸ்டூடியோ வாசலில் நின்றுதான், சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எஸ்தரும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பாள். நான் கேட்டனாக்கா, எடுத்துருங்கன்னு நான் கேட்டனா, என்றாள் கனி, அந்தப் படத்தப் பாத்துட்டு எங்கப்பா அவ்வளவு சந்தோசப்பட்டாரு, இருவது வருசமா என் முகத்த நேராப் பாக்க மாட்டாருக்கா, அந்தப் படத்த மட்டும் பாத்துக்கிட்டே இருந்தாரு, இப்ப அவ்வளவு பேரு முன்னால அது என்னதுன்னு கேட்டதும், பாகுச்சட்டி என் கைலதான் இருந்துச்சுன்னு சொல்லித் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, மறுபடி ஒருக்க கொட்டுன மாதிரி ஆயிருச்சுக்கா. எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டாள், உக்காரும்மா என்றாள், கனி உட்காரவில்லை, மாடிப்படியில் அவள் இறங்கிப்போன செருப்புச் சத்தம் இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது.

தழும்போடு ஒரே ஒரு படமாவது மிஞ்சியிருக்காதா, அதைத்தான் காலையிலிருந்து தேடுகிறாள். மூலப் படத்தின்மேல் கைவைக்காதே, நகல் எடுத்துக்கொண்டு செய் என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள், அவளே அன்று அவசரத்தில் மூலப் படத்தின் மேலேயே சேவ் கொடுத்துவிட்டு, அன்று எடுத்த மற்ற நாலு படத்தையும் அடியோடு அழித்திருக்கிறாள். எழுந்தாள், லென்ஸைத் துடைத்தாள், துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், கீழே புத்தாண்டுக்குக் கேக்கும் கடலைமிட்டாயும் வாங்குகிற கூட்டம், சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, கண் மூடியது, ஆடியது, லைட் சரியா என்று பார்க்க எடுத்தது எல்லாம் அதில் போய் விழும், காலி செய்யச் சோம்பல்பட்டு விட்டுவைத்தது, திறந்தால் ஆயிரத்துச் சொச்சம் முகங்கள், டிரைவரின் பதினொரு மூடிய கண்களும் வரிசையாக, கொட்டாவி விடுகிற பேச்சியம்மாள், பெரியவரின் சட்டைக் காலரைத் திட்டிக்கொண்டே சரிசெய்கிற அந்த அம்மாள், கராத்தே பையன் அழுகிறான், ஒருவரும் இன்னும் முகத்தைத் தயார் செய்துகொள்ளவில்லை, இந்த வருடம் என்னிடம் வந்தவர்கள் இவர்கள்தானே, இவர்களை அல்லவா குப்பையில் போட்டு வைத்திருந்தேன். தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது, லைட் பார்க்க எடுத்த படம், கனி காமிராவைப் பார்க்கவில்லை, புடவை மடிப்பைச் சரிசெய்ய வந்த அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள், முகம் நன்றாகத் திரும்பியிருக்கிறது, சிரிப்போடு சேர்ந்து தழும்பும் மேலேறியிருக்கிறது.

ஜூலைக் கட்டத்தில் படம் கச்சிதமாக உட்கார்ந்தது, அனுப்பிவிடலாம், விரல் பொத்தான்வரை போய்விட்டது, நான் கேட்டனாக்கா என்கிறாள் அவள் நினைவில் இன்னும் வாசலில் நிற்கிற கனி, இதையும்தான் அவள் கேட்கவில்லை. எஸ்தர் போனை எடுத்தாள், கனி, ஸ்டூடியோ எஸ்தர் பேசுறேம்மா, ஒண்ணு கேக்கணும். சொல்லுங்கக்கா என்ற குரலில் சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை. நான் கைவைக்காத ஓம் படம் ஒண்ணு கெடச்சிருக்கு, தழும்போட, நீ சிரிச்சுக்கிட்டு இருக்க, வருசக் கடைசிப் படத்துல போட ஆசையா இருக்கு, நீ சரின்னு சொன்னாத்தான், அன்னைக்குக் கேக்காமச் செஞ்சது என் தப்புமா, என்னய மன்னிச்சிரு. அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு, அனுப்புங்கக்கா, மொதல்ல நாங்க பாக்கோம். எஸ்தர் அனுப்பினாள், போனை வைக்கவில்லை, யாரும்மா என்று கேட்டது தகப்பனாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டூடியோ அக்காப்பா, ஏம் படம் ஒண்ணு இருக்காம், பாகு பட்டதோட, இந்தாங்க பாருங்க, எல்லாருக்கும் அனுப்பவான்னு கேக்காங்க. கரண்டிச் சத்தம் நின்றது, எஸ்தர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெருசாப் போடச் சொல்லும்மா, என்றார் அவர், தெரியணும்லா.

ஜூனையும் ஆகஸ்டையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு ஜூலையைப் பெரிதாக்கினாள், நம்பி முகத்தைக் கொடுத்தீர்கள், நன்றி, கேட்காமல் கைவைத்திருந்தால் மன்னியுங்கள் என்று அடித்தாள், நாலு வரிக்கு வேலையில்லாமல் போயிற்று, இனி மற்ற பதினொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டும், தேவாலயத்துக்குப் பிந்தினாலும் பிந்தட்டும். கைப்பழக்கம் எங்கே போகும், வட்டம் தானாக நகர்ந்து வந்து கனியின் தழும்பைச் சுற்றி நிற்கிறது, பேச்சியம்மாளின் கன்னத்தில் அவள் அம்மா வைத்த பொட்டு மாதிரி இருக்கிறது, எஸ்தர் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.